பவழத் தொட்டியும் பாசியும்

கடலின் ஒரு சிறு பகுதியை வீட்டுக்குள் கொணர்ந்து வைத்து, அதன் அழகை நாள்தோறும் கண்டு மகிழ வேண்டும் என்னும் ஆவல் இன்று உலகெங்கும் பலருக்கு உண்டு. அந்த ஆவலின் பயனே பவழத் தொட்டி. நான்கு புறமும் கண்ணாடி. உள்ளே உப்பு நீர். நீருக்குள் துளைகள் நிறைந்த பாறைகள். பாறைகளின்மேல் உயிருள்ள பவழங்கள். அவற்றினூடே வண்ண வண்ண மீன்கள். 1961-ஆம் ஆண்டில், இந்தோனேசியாவின் ஜகார்த்தா நகரைச் சேர்ந்த லீ சின் எங் என்பவர், கடற்பாறைகளை அவற்றில் வாழும் சிற்றுயிர்களோடு தொட்டியில் இட்டு, காற்றுக் குமிழிகளை மெல்லச் செலுத்தியே பவழங்களை வாழவைக்கலாம் என்று எழுதி வெளியிட்டார். அதன்பின் இக்கலை பல நாடுகளில் வளர்ந்து பரவியது.

இத்தகைய தொட்டியை வைத்திருப்போரிடம் சென்று, உங்களுக்கு மிகுந்த தொல்லை தருவது எது என்று கேட்டால், பெரும்பாலோர் சொல்லும் விடை ஒன்றே: பாசி. சில நாள் கவனியாது விட்டால் கண்ணாடி மங்குகிறது. மணலின்மேல் செந்நிறப் படலம் ஒன்று படர்கிறது. பாறையில் பச்சை மயிர் முளைக்கிறது. அந்த மயிர்க்கற்றை பவழத்தின்மேல் சாய்ந்து ஒளியை மறைக்கிறது. பவழம் சுருங்குகிறது, வெளிறுகிறது, இறுதியில் வெறும் சுண்ணாம்புக் கூடாக நின்றுவிடுகிறது. பல ஆண்டுகள் பேணி வளர்த்த உயிர் சில வாரங்களில் போய்விடுகிறது.

ஆகவே, பாசியை ஒழிப்பது எப்படி என்பதே அவர்களுடைய கேள்வி. நான் அந்தக் கேள்வியைச் சற்று மாற்றிக் கேட்க விரும்புகிறேன். இந்தப் பாசி ஏன் இங்கே வளர்ந்தது? ஏன் இப்போது வளர்ந்தது? ஏன் இவ்வளவு வளர்ந்தது? தொட்டியில் தோன்றும் பாசியைக் குற்றவாளி என்று கொள்வதைவிடச் சாட்சி என்று கொள்வதே பொருந்தும். நீருக்குள் எது மிகுந்தது, எது குறைந்தது, எந்த மூலையில் நீரோட்டம் தேங்கியது என்பனவற்றை அது தன் நிறத்தாலும் வடிவாலும் சொல்லிக்கொண்டே இருக்கிறது. சாட்சியைக் கொன்றுவிட்டால் வழக்குத் தீர்ந்துவிடாது. அதன் வாக்குமூலத்தைப் படிக்கக் கற்பதே முதல் வேலை.

இங்கே ஒரு செய்தியைச் சொல்லிவிட வேண்டும். நம் நாட்டிலே கடலிலிருந்து பவழங்களை எடுப்பதும் விற்பதும் சட்டப்படி குற்றமாகும். கற்பவழங்கள் 2001-ஆம் ஆண்டில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. ஆதலின், இந்தப் பேச்சைக் கேட்டவுடன் மாணவர்கள் தொட்டியைத் தூக்கிக்கொண்டு கடற்கரைக்குப் புறப்பட வேண்டியதில்லை. பிற நாட்டார் வீடுகளில் வைத்துப் பேணும் அந்தத் தொட்டியை ஓர் ஆய்வுக்கூடமாகக் கருதுங்கள். அதற்குள் நிகழ்வன யாவும் பெருங்கடலிலும் நிகழ்கின்றன. கடலில் பல்லாண்டுகளில் நிகழ்வது தொட்டியில் சில வாரங்களில் நிகழ்ந்துவிடுகிறது, அவ்வளவே.

முதலில் பவழத்துக்கும் பாசிக்கும் உள்ள உறவைக் காண்போம். பவழம் செடியன்று, கல்லுமன்று. அது ஒரு விலங்கு. ஊசிமுனை போன்ற உணர்கொம்புகளை விரித்து நீரில் மிதக்கும் சிற்றுயிர்களைப் பிடித்து உண்ணும் மிகச் சிறிய உயிர்கள் பல கூடி வாழும் குடியிருப்பே நாம் காணும் பவழம். இந்த விலங்கின் உடலுக்குள்ளே, அதன் உயிரணுக்களுக்குள்ளேயே, ஒற்றையணுப் பாசிகள் குடியிருக்கின்றன. அவை கதிரவன் ஒளியைக்கொண்டு உணவைச் செய்து, அதில் பெரும்பகுதியைத் தமக்கு இடங்கொடுத்த பவழத்துக்கு அளிக்கின்றன. பவழம் தன் கழிவுகளில் உள்ள நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் அவற்றுக்கு எருவாகத் தருகிறது. ஆகவே, பாசியே இல்லாத பவழத் தொட்டி வேண்டும் என்று ஒருவர் கேட்டால், அவர் பவழமே வேண்டாம் என்று கேட்கிறார் என்பதே பொருள்.

இன்னொரு நல்ல பாசியும் உண்டு. பாறைகளின்மேல் இளஞ்சிவப்பாகவோ ஊதாவாகவோ வண்ணம் பூசினாற்போல் கெட்டியாகப் படியும் சுண்ணாம்புப் பாசி அது. தன் உடற்சுவரில் கால்சியம் கார்பனேட்டைச் சேர்த்துக்கொள்வதால் அது கல்போல் இறுகிவிடுகிறது. உடைந்த பவழத் துண்டுகளைச் சாந்திட்டு ஒட்டுவதுபோல் ஒட்டிப் பாறையை உறுதியாக்குவது இதன் தொழில். நீரில் மிதந்து வரும் இளம் பவழ உயிர்கள், எங்கே இறங்கிக் குடியேறலாம் என்பதை இத்தகைய பாசியிலிருந்து வரும் வேதியல் குறிப்பைக்கொண்டு அறிவதும் உண்டு. புதிதாகத் தொட்டி வைப்போர் சிலர் இதையும் அழுக்கென்று எண்ணிப் பாறையைச் சுரண்டிவிடுகின்றனர். முன்கண்ணாடியில் படிந்ததை மட்டும் நீக்கிவிட்டுப் பாறையில் இருப்பதை விட்டுவைப்பதே அறிவுடைமை.

இனி, தொல்லை தரும் பாசிகள் எதை உண்டு வளர்கின்றன என்பதைப் பார்ப்போம். பவழப்பாறைகள் செழித்திருக்கும் கடல்நீர் மிகத் தெளிவானது. அந்தத் தெளிவுக்குக் காரணம் அதன் வறுமை. நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் அதில் மிக மிகக் குறைவு. பாஸ்பேட்டு ஒரு லிட்டருக்கு ஒரு மில்லிகிராமில் நூற்றில் சில பங்குகூடத் தேறாது. இத்தகைய வறண்ட நீரிலே இவ்வளவு உயிர்ச் செழிப்பு எப்படி உண்டாயிற்று என்பது அறிஞர்களை நெடுங்காலம் வியக்க வைத்த புதிர். கிடைக்கும் சிறிதளவு சத்தையும் வீணாக்காமல், பவழமும் அதனுள் வாழும் பாசியும் மாறி மாறிப் பயன்படுத்திக்கொள்வதே அப்புதிருக்கு உரிய விடைகளுள் ஒன்று.

தொட்டியின் நிலை வேறு. அங்கே நாம் மீனுக்கு உணவிடுகிறோம். ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். உலர்ந்த மீனுணவின் எடையில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு பாஸ்பரஸ் ஆகும். ஒரு கிராம் உணவில் 10 மில்லிகிராம் பாஸ்பரஸ் இருக்குமாயின், அது முழுவதும் பாஸ்பேட்டாக மாறும்போது ஏறக்குறைய 30 மில்லிகிராம் ஆகும். 200 லிட்டர் நீருள்ள ஒரு தொட்டியில் அது கரைந்தால், லிட்டருக்கு 0.15 மில்லிகிராம் உயரும். பவழக் கடலில் இருக்கும் அளவைவிட இது பல மடங்கு மிகுதி. ஒரு கிராம் என்பது என்ன? விரல் நுனிகளால் சில முறை எடுத்துத் தூவுகிற அளவு! அதில் ஒரு பகுதி மீனின் உடலில் சேரும். எஞ்சியது நீருக்கு வரும். நாள்தோறும் உணவிட்டு, வெளியே ஒன்றையும் எடுக்காமல் இருந்தால், மாதக் கடைசியில் நீரின் நிலை என்னவாகும் என்பதை நீங்களே கணித்துக்கொள்ளலாம்.

நைட்ரஜனின் கதையும் இதுபோன்றதே. மீனின் கழிவிலும் அழுகும் உணவிலும் அம்மோனியா பிறக்கிறது. அதனை ஒருவகைப் பாக்டீரியங்கள் நைட்ரைட்டாக்குகின்றன. வேறு சில நைட்ரேட்டாக்குகின்றன. அம்மோனியா கொடிய நஞ்சு. நைட்ரேட்டு அவ்வளவு கொடியதன்று. ஆனால் பாசிக்கு இவையெல்லாம் எரு. புதுத் தொட்டியில் இந்தப் பாக்டீரியங்கள் பெருகி நிலைபெறச் சில வாரங்கள் ஆகும். அதற்குள் பொறுமை இழந்து மீன்களையும் பவழங்களையும் நிரப்புகிறவர் பாசிக்கு விருந்து வைக்கிறார்.

பாசிகளை இனங்காண்பது இனி எளிது. நான்கு செய்திகளைக் கவனிக்க வேண்டும்: நிறம் எது, வடிவு எது, தொட்டால் எப்படி இருக்கிறது, தொட்டியின் வயது என்ன.

தொட்டி வைத்துச் சில வாரங்களே ஆகியிருக்கின்றன. கண்ணாடியிலும் மணலிலும் பழுப்புத் தூள் தூவினாற்போல் இருக்கிறது. விரலால் தடவினால் எளிதில் துடைபடுகிறது. இது டயட்டம் எனப்படும் நுண்பாசி. மணிப்பெட்டி போன்ற கண்ணாடி ஓட்டைத் தன்னைச் சுற்றிக் கட்டிக்கொள்ளும் உயிர் இது. அந்த ஓட்டுக்குச் சிலிக்கா வேண்டும். புதிய மணலிலிருந்தும் குழாய் நீரிலிருந்தும் வரும் சிலிக்கேட்டு தீர்ந்ததும் இதன் ஆட்டம் பெரும்பாலும் அடங்கிவிடும். இதற்காக மருந்து தேடி அலைவது வீண்வேலை. ஆனால் ஓராண்டுக்குப் பிறகும் இது வந்துகொண்டே இருந்தால், ஊற்றும் நீர் தூய்மையானதன்று என்று அது சாட்சி சொல்கிறது. அப்போது ஆர்.ஓ. எனப்படும் சவ்வு வடிகட்டியையும், அதனை அடுத்து அயனிகளை நீக்கும் வடிகட்டியையும் சோதித்துப் பார்க்க வேண்டும்.

அடுத்தது செந்நிறப் படலம். மணலின்மேல் வெல்வெட்டுத் துணி விரித்தாற்போல் கருஞ்சிவப்பாகப் படர்கிறது. பகலில் அதன்மேல் சிறு குமிழிகள் நிற்கின்றன. குழாய்வைத்து உறிஞ்சினால் ஆடைபோல் உரிந்து வருகிறது. நாற்றம் வீசுவதும் உண்டு. இதனைப் பாசி என்று பலர் அழைத்தாலும், இது உண்மையில் ஒளியைக்கொண்டு உணவு செய்யும் பாக்டீரியக் குடும்பத்தைச் சேர்ந்தது. நீலப்பச்சைப் பாசி என்று நம் பாடநூல்கள் கூறும் கூட்டம் இதுதான். நிறத்தில் சிவப்பாகவும் இருக்கும். இக்கூட்டத்தில் சில இனங்கள், நீரில் கரைந்துள்ள நைட்ரஜன் வாயுவையே பிடித்து உணவாக்கிக்கொள்ள வல்லவை. ஆதலால், நைட்ரேட்டு மிகக் குறைந்தும் பாஸ்பேட்டு மிகுந்தும் உள்ள நீரில், பிற பாசிகள் பசியால் வாடும்போது இவை தழைக்கின்றன. நீரோட்டம் தேங்கும் மூலைகளும் அழுக்கு படிந்த மணலும் இவற்றுக்கு உகந்த இடங்கள். படலத்தை உறிஞ்சி எடுத்து, நீரோட்டத்தை அந்த மூலைக்குத் திருப்பி, மிஞ்சிய உணவைக் குறைப்பதே முறை. எரித்ரோமைசின் போன்ற மருந்தை இட்டால் படலம் மறையும். ஆனால் அது பாக்டீரியங்களைக் கொல்லும் மருந்து. அம்மோனியாவை மாற்றித் தரும் நல்ல பாக்டீரியங்களுக்கும் அதனால் ஊறு நேரலாம். படலம் போய் மீன்களும் போயின என்று ஆகிவிடக் கூடாது.

மூன்றாவது பச்சை மயிர்ப்பாசி. டெர்பீசியா, கிளாடோபோரா முதலிய பல இனங்களுக்கு இது பொதுப்பெயர். மெல்லிய இழைகள் கற்றையாக வளர்ந்து நீரோட்டத்தில் ஆடும். தொட்டியில் எரு மிகுந்துவிட்டது என்பதற்கு இதனினும் தெளிவான சாட்சி இல்லை. டெர்பீசியாவைப் பற்றி மாணவர்கள் அறிய வேண்டிய சுவையான செய்தி ஒன்று உண்டு. மயிர்போன்ற டெர்பீசியாவும், பச்சைக் குண்டுமணிபோன்ற ஹாலிசிஸ்டிஸ் என்பதும் இருவேறு பேரினங்கள் என்றே தாவரநூலார் நெடுநாள் எண்ணியிருந்தனர். கோர்ன்மன் என்னும் ஜெர்மானிய அறிஞர் அவற்றை வளர்த்துப் பார்த்து, ஒன்றன் வித்திலிருந்து மற்றொன்று முளைக்கிறது என்றும், இரண்டும் ஒரே உயிரின் இரு பருவங்கள் என்றும் 1938-இல் காட்டினார். கண்ணால் கண்ட வடிவத்தை மட்டும் நம்பிப் பெயரிடுவது எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

மயிர்ப்பாசியைப் போலவே தோன்றி, உற்றுப் பார்த்தால் சிறு இறகுபோல் இருபுறமும் கிளைத்திருப்பது பிரயாப்சிஸ். இதனைப் பிரித்தறிவது மிக இன்றியமையாதது. ஏனெனில் பாசி தின்னும் மீன்களும் நத்தைகளும் பெரும்பாலும் இதனைத் தீண்டுவதில்லை. இதன் உடல் முழுவதும் தடுப்புச் சுவரே இல்லாத ஒரு குழாய். அதனை நசுக்கினால் வெளியே சிந்தும் உயிர்ப்பொருள், கடல்நீரிலேயே மீண்டும் திரண்டு, தனக்கொரு சவ்வைக் கட்டிக்கொண்டு புதுப் பாசியாக வளரும் ஆற்றல் உடையது. எனவே இதனைத் தொட்டிக்குள் வைத்துத் தேய்ப்பது விதைப்பதற்கு ஒப்பாகும். பாறையை வெளியே எடுத்து வேறு பாத்திரத்தில் வைத்துக் களைய வேண்டும்.

நான்காவது குமிழ்ப்பாசி. பச்சை முத்துப்போல் பளபளக்கும் வலோனியா இது. ஒரு முத்து ஒரே உயிரணு! நுண்ணோக்கி இல்லாமல் கண்ணாலேயே காணக்கூடிய உயிரணு உலகில் அரிது. சில சென்டிமீட்டர் குறுக்களவுக்கும் இது வளரும். பார்ப்பதற்கு அழகாக இருப்பதால் பலர் விட்டுவைக்கின்றனர். பிறகு அது பாறைப் பிளவெங்கும் பெருகிப் பவழங்களை நெருக்குகிறது. உடைக்காமல் அடியோடு பெயர்த்து எடுப்பதே நன்று. எமரால்டு நண்டு என்னும் சிறு பச்சை நண்டு இதனைத் தின்னும்.

ஐந்தாவது வகைதான் மிகவும் கொடியது. பலரை ஏமாற்றுவதும் அதுவே. பழுப்பு நிறம், சளிபோல் இழுபடும் இழைகள், இழைகளின் நுனியில் குமிழிகள், இரவில் குறைந்து பகலில் பெருகும் இயல்பு. இது டைனோபிளாஜெல்லேட்டு எனப்படும் ஒற்றையணு உயிர். இரண்டு கசையிழைகளால் நீந்துவது. பவழத்துக்குள் குடியிருந்து உணவூட்டும் பாசியும் இதே பெருங்குலத்தைச் சேர்ந்தது என்பது வியப்பானது. ஒரு குலத்திலே உதவுவோரும் உண்டு, கெடுப்போரும் உண்டு. இவற்றுள் ஆஸ்ட்ரியாப்சிஸ் என்னும் இனம் கடும் நஞ்சை உண்டாக்க வல்லது. நத்தைகள் காரணம் தெரியாமல் மடிந்தால் இதனை ஐயுற வேண்டும். வெறுங்கையால் தொடவும் கூடாது.

இதனை டயட்டத்திலிருந்து எப்படிப் பிரித்தறிவது? இங்கேதான் கல்லூரி நுண்ணோக்கி கைகொடுக்கிறது. ஒரு துளியை எடுத்துப் பாருங்கள். டயட்டமாயின் கண்ணாடிப் பெட்டிபோல் அசையாமலிருக்கும், அல்லது மெல்ல வழுக்கிச் செல்லும். டைனோபிளாஜெல்லேட்டாயின் சுழன்றும் விரைந்தும் நீந்தும். ஆஸ்ட்ரியாப்சிஸ் ஒரு நுனியைப் பற்றிக்கொண்டு பம்பரம்போல் சுற்றுவதையும் காணலாம். இந்த ஒரு துளிச் சோதனை மிக முக்கியமானது. ஏனெனில், இதற்குரிய சிகிச்சை மற்றவற்றுக்கு நேர்மாறானது. நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் அடியோடு வற்றிப்போன தொட்டிகளில்தான் இது பெரும்பாலும் தலையெடுக்கிறது. பாசியைப் பட்டினி போடுகிறேன் என்று சொல்லி நீரை மேலும் மேலும் சுத்தம் செய்கிறவர், இதற்குப் போட்டியாக இருந்த நல்ல நுண்ணுயிர்களையே பட்டினியால் கொன்று, களத்தை இதற்கு விட்டுக்கொடுத்துவிடுகிறார். அத்தொட்டியில் சத்தை அளவோடு கூட்ட வேண்டும். இரவில் நீரில் மிதந்தெழும் இனமாயின், அந்நீரைப் புறஊதா விளக்கின் வழியே செலுத்தியும் குறைக்கலாம். மிகுதியும் நோய், இன்மையும் நோய். நீரின் நலம் இவ்விரண்டுக்கும் இடையே இருக்கிறது.

இந்த இடத்தில் இன்னொரு மயக்கத்தையும் தெளிவிக்க வேண்டும். பாறை முழுவதும் மயிர்ப்பாசி அடர்ந்திருக்கும் தொட்டியில் நீரைச் சோதித்தால், நைட்ரேட்டு சுழி, பாஸ்பேட்டு சுழி என்று விடை வருவதுண்டு. 'சத்தே இல்லாத நீரில் பாசி எப்படி வளர்ந்தது?' என்று தொட்டிக்காரர் திகைக்கிறார். சோதனை பொய்க்கவில்லை. நீரில் வந்த சத்தைப் பாசி உடனுக்குடன் விழுங்கிவிட்டது. அஃது இப்போது பாசியின் உடலாக நிற்கிறது. வீட்டுப் பெட்டியில் பணமில்லை என்பதால் அந்த வீட்டுக்கு வருமானமே இல்லை என்று சொல்ல முடியுமா? எவ்வளவு வருகிறது, எவ்வளவு செலவாகிறது என்றல்லவா கேட்க வேண்டும்? ஆகவே, சோதனைக் குழாய் காட்டும் எண்ணையும் கண் காணும் பாசியையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

இனி, கட்டுப்படுத்தும் முறையை வரிசையாகச் சொல்கிறேன்; வரிசை முக்கியமானது.

முதலாவது, கையால் களைதல். வயலில் களை பறிப்பதுபோல் பாசியைப் பறித்து வெளியே எடுக்க வேண்டும். பறித்த ஒவ்வொரு பிடியும் அதன் உடலில் சேர்ந்த நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் தொட்டியை விட்டு வெளியேற்றுகிறது. பாசியை உள்ளேயே கொன்று விட்டுவிட்டால் அது அழுகி, உண்ட சத்தையெல்லாம் நீருக்கே திருப்பிக் கொடுக்கிறது. நீரிலுள்ள உயிர்வளியையும் குறைத்து மீன்களை மூச்சுத் திணற வைக்கிறது.

இரண்டாவது, வரவைக் குறைத்தல். உணவை அளந்து இடுதல், உறைந்த உணவைக் கழுவி இடுதல், தூய நீரையே ஊற்றுதல் ஆகியவை இதில் அடங்கும்.

மூன்றாவது, செலவைக் கூட்டுதல். நுரையைப் பொங்கச் செய்து அதனோடு அழுக்கைப் பிரித்தெடுக்கும் கருவி உண்டு. பாஸ்பேட்டைப் பற்றிக்கொள்ளும் இரும்பு ஆக்ஸைடு மணிகள் உண்டு. நீரை மாற்றுவதும் பயன் தரும். ஆனால் அதன் எல்லையை அறிய வேண்டும். பத்தில் ஒரு பங்கு நீரை மாற்றினால், லிட்டருக்கு 40 மில்லிகிராமாக இருந்த நைட்ரேட்டு 36 ஆகக் குறையும், அவ்வளவுதான். சுண்ணாம்புப் பாறைகள் பாஸ்பேட்டை உறிஞ்சி வைத்திருந்து, நீரில் அது குறையக் குறைய மெல்ல வெளிவிடும் இயல்புடையவை. ஆதலால் பலன் மாதக் கணக்கில் வரும். இவற்றினும் நுட்பமான முறை, பாசியைக்கொண்டே பாசியை அடக்குவது. தொட்டிக்குக் கீழே மற்றொரு சிறு தொட்டி வைத்து, அதில் கீட்டோமார்பா என்னும் பாசியை விளக்கொளியில் வளர்த்து, வாரந்தோறும் அறுவடை செய்கின்றனர். அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிலையத்தைச் சேர்ந்த வால்டர் ஆடி என்னும் அறிஞர், வலைத்தட்டின்மேல் நீரைப் பாய்ச்சிப் பாசி வளர்த்து அறுத்தெடுக்கும் முறையை வகுத்து 1982-இல் காப்புரிமை பெற்றார். வீட்டு முற்றத்தில் நீர் தேங்காமலிருக்கத் தோட்டத்துக்கு வாய்க்கால் வெட்டி விடுவது போன்றது இது.

நான்காவது, மேய்வோரைத் துணைக்கொள்ளுதல். டர்போ, ட்ரோக்கஸ் முதலிய கடல் நத்தைகள், கடல் முள்ளெலி, வாலடியில் கத்திபோன்ற முள்ளையுடைய சர்ஜன் மீன், நம் கடலோரத்தார் ஓரா என்று வழங்கும் மீனின் இனத்தார் ஆகியோர் பாசி மேய்பவர்கள். ஆனால் ஒவ்வொரு மேய்ப்பனுக்கும் ஒரு தீனி. எந்தப் பாசி என்று அறியாமல் மீன் வாங்குவது பயனற்றது. சிறு தொட்டியில் பெரிய மீனை அடைப்பது கொடுமையும் ஆகும்.

ஐந்தாவது, ஒளியை அளவாக்குதல். மருந்து எல்லாவற்றுக்கும் கடைசி. மேற்சொன்ன நான்கையும் செய்யாமல் மருந்தை இட்டால், ஒரு பாசி ஒழிந்த இடத்தில் வேறொரு பாசி வந்து அமரும்.

இவையெல்லாம் கண்ணாடித் தொட்டியின் செய்திகள்தாமே, இவற்றால் நமக்கென்ன என்று மாணவர் சிலர் எண்ணலாம். கடலுக்கு வருவோம். ஹவாய்த் தீவுகளில் கானியோஹே என்னும் விரிகுடா இருக்கிறது. பல ஆண்டுகள் நகரத்துச் சாக்கடை நீர் அதில் விடப்பட்டது. வலோனியாவுக்கு உறவுடைய டிக்டியோஸ்பேரியா என்னும் குமிழ்ப்பாசி பெருகிப் பவழங்களைப் போர்த்து மூடியது. 1977-78-இல் சாக்கடை நீரை வேறு வழியாக ஆழ்கடலுக்குத் திருப்பினர். பாசி பெரிதும் குறைந்தது. ஆயினும் முற்றும் அழியவில்லை. 2006-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பல வாரங்கள் விடாது மழை பெய்து வானம் இருண்டிருந்தது. ஒளி குன்றவே, எஞ்சிய பாசியும் திடீரென்று மறைந்தது. வரவைக் குறைத்தல், ஒளியைக் குறைத்தல் என்று நாம் தொட்டியில் கற்ற இரு பாடங்களும் ஒரு விரிகுடாவிலே நடந்து காட்டப்பட்டன.

மேய்வோர் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஜமைக்கா சான்று. அங்கே பாசி மேயும் மீன்களை மக்கள் அளவின்றிப் பிடித்துவிட்டனர். அவற்றின் வேலையைக் கருநிறக் கடல் முள்ளெலிகள் செய்துவந்தன. 1983-இல் கரிபியக் கடலில் ஒரு கொள்ளைநோய் தோன்றி அம்முள்ளெலிகளை ஏறக்குறைய முழுவதும் அழித்தது. சூறாவளியும் முன்பே பவழங்களை நொறுக்கியிருந்தது. 1977-இல் ஜமைக்காவின் பாறைகளில் நூற்றுக்கு 52 பங்கு பவழமாகவும் 4 பங்கு பெரும்பாசியாகவும் இருந்தன. 1990-களின் தொடக்கத்தில் பவழம் 3 பங்காகக் குறைந்தது. பாசி 92 பங்காக உயர்ந்தது. ஒரு தலைமுறைக்குள் பவழத் தோட்டம் பாசிக்காடாக மாறிற்று.

தொட்டியே கடலைக் கெடுத்த கதையும் உண்டு. வெப்பக் கடலைச் சேர்ந்த காலெர்ப்பா என்னும் அழகிய பாசி மீன்காட்சித் தொட்டிகளுக்காக வளர்க்கப்பட்டது. 1984-இல் மொனாக்கோ கடற்கரையில் ஏறத்தாழ ஒரு சதுர மீட்டர் இடத்தில் அது காணப்பட்டது. பின்னர் மத்தியதரைக் கடலில் ஆயிரக்கணக்கான ஹெக்டேர் பரப்பில் பரவியது. அதே பாசி 2000-இல் கலிபோர்னியாவில் தோன்றியபோது, உடனே கண்டு, மேலே விரிப்புகளிட்டு மூடி, குளோரின் செலுத்தி ஒழித்தனர். 2006-இல்தான் அது முற்றும் ஒழிந்தது என்று அறிவிக்க முடிந்தது. நம்முடைய மன்னார் வளைகுடாவிலும், தொழிலுக்காக வெளியிலிருந்து கொணர்ந்து பயிரிடப்பட்ட கப்பாபைகஸ் என்னும் பாசி குருசடைத் தீவின் பவழங்களின்மேல் படர்ந்திருப்பதை 2008-இல் ஆய்வாளர் வெளியிட்டனர். ஆகவே தொட்டி நீரையும் பாசியையும் ஒருநாளும் கடலிலோ ஆற்றிலோ கொட்டலாகாது. பாசியை வெயிலில் உலர்த்திக் குப்பையில் சேர்க்க வேண்டும்.

பவழத் தொட்டி இல்லாமலே இந்தப் பாடத்தை நீங்கள் கண்ணால் காணலாம். மூன்று கண்ணாடிச் சாடிகளில் ஒரே குளத்து நீரை நிரப்புங்கள். முதற்சாடியை அப்படியே சன்னலோரம் வையுங்கள். இரண்டாவதில் ஒரு சிட்டிகை மீனுணவு இட்டு அதன் பக்கத்தில் வையுங்கள். மூன்றாவதிலும் அதே அளவு உணவு இட்டு, கருந்தாளால் மூடி வையுங்கள். நாள்தோறும் நிறத்தையும் மணத்தையும் குறித்து வாருங்கள். சில வாரங்களில், எருவும் ஒளியும் கூடிய சாடி எது, ஒன்றே உள்ள சாடிகள் எவை என்பதை அந்நீரே உங்களுக்குச் சொல்லும்.

ஊரில் ஒரு குளம் பச்சையாக மாறும்போது, பாசி பிடித்துவிட்டது என்று சொல்லிவிட்டு நாம் நடந்துவிடுகிறோம். இனி அப்படி நடந்துவிடாதீர்கள். அதன் கரையில் சற்று நின்று, இந்தக் குளத்துக்குள் எந்த வாய்க்கால் வழியாக என்ன வருகிறது, அதை வெளியேற்றுவது எது, மேய்ந்திருந்த மீன்கள் எங்கே போயின என்று கேளுங்கள். அவ்வாறு கேட்கத் தெரிந்தவரிடம் ஒரு தொட்டியை மட்டுமல்ல, ஒரு கடற்கரையையும் நம்பி ஒப்படைக்கலாம்.